தொடர்கதையும் வாசகர் கையும்

சென்ற தைப்பொங்கல் கழிந்த வாரத்திலே என் மாணவர் ஐவர் வந்து, "ஐயா, நாங்கள் ஒரு தொடர்கதை எழுதப் போகிறோம்" என்றார்கள். கையெழுத்துச் சஞ்சிகை என்ற பழைய நல்வழக்கம் முள்ளியவளையில் மீண்டும் தலையெடுக்கின்றது போலும் என்று மகிழ்ந்தேன். அடுத்து அவர்கள் சொன்ன வார்த்தை என்னைத் திகைக்க வைத்தது. "நாங்கள் பேனையைப் பிடிப்பதுதான், ஐயா. கதையை நடத்துகிறவர்கள் வாசகர்கள்."

ஏற்பாடு இதுதான். வெள்ளிதோறும் ஓர் அத்தியாயம்; நான்கு பக்கம். கையால் எழுதிக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து உற்றார் உறவினர்க்கு அனுப்புவார்கள். அவர்கள் தமக்குத் தெரிந்தவர்க்கு அனுப்புவார்கள். அத்தியாய முடிவில் ஒரு கேள்வி நிற்கும். செவ்வாய்க்கிழமைக்குள் வாசகர் தத்தம் கருத்தைத் தெரிவிக்கவேண்டும். எந்தப் பக்கத்துக்கு ஆள் கூடுதலோ அந்தப் பக்கம் கதை திரும்பும். இணையத்திலே உலகெங்கும் இப்படிக் கதைகள் நடக்கின்றனவாம்.

எனக்குக் கோபம் வந்தது. "இலக்கியம் என்ன பிரதேச சபைத் தேர்தலா? கம்பன் ஊராரிடம் வாக்குக் கேட்டா இராமனைக் காட்டுக்கு அனுப்பினான்?" என்றேன். ஒரு மாணவி மெல்ல எழுந்தாள். "கந்தபுராணம் அரங்கேறியபோது சபையில் ஒருவர் எழும்பி மறித்தார் என்று போன தவணை நீங்கள்தானே படிப்பித்தீர்கள், ஐயா?" என்றாள்.

படிப்பித்தேன்தான். ஆசிரியத் தொழிலில் இது ஒரு சங்கடம். நாம் சொன்னதை நாம் மறந்த பிறகும் பிள்ளைகள் மறப்பதில்லை.

அன்றிரவு அதைப்பற்றி யோசித்தேன். காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் நாளொன்றுக்கு நூறு பாடல் எழுதி, இரவிலே கருவறையில் வைத்துத் திருக்காப்பிட்டுப் போவார். காலையிலே திறந்து பார்த்தால் ஏட்டிலே திருத்தம் இருக்கும் என்பது செவிவழி வரலாறு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் இப்படியே வளர்ந்தனவாம். நாள்தோறும் ஒரு பகுதி. நாள்தோறும் ஒரு வாசகரின் திருத்தம். அந்த வாசகர் முருகப்பெருமான் என்பது ஒன்றே வேறுபாடு! அரங்கேற்றத்தன்றோ, முதற் செய்யுளின் முதற் புணர்ச்சிக்கே இலக்கணம் இல்லை என்று ஒருவர் தடை எழுப்பினார். சபை கலைந்தது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தை விரித்து, விதி உண்டென்று காட்டிய பின்னரே நூல் அரங்கேறிற்று. இது வரலாறோ கதையோ, நம்மவர் சபைக்கு என்ன உரிமை கொடுத்தார்கள் என்பதை இது காட்டுகின்றது. தடுத்தவர், "சூரபன்மனைக் கொல்லாது விடுக" என்று கேட்கவில்லை. ஓர் எழுத்துக்குக் கணக்குக் கேட்டார். தடை சொல்லும் உரிமை சபைக்கு இருந்தது. கதையைத் திருப்பும் உரிமை இருந்ததா?

இதற்கு விடை தேடி நான் காஞ்சிக்குப் போகவேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வற்றாப்பளைக்குப் போனாற் போதும்.

சிலப்பதிகாரப் பதிகத்தை நினைத்துப் பாருங்கள். மலைக்குறவர் வந்து தாம் கண்ட அதிசயத்தை இளங்கோவடிகளுக்குச் சொல்கிறார்கள். உடனிருந்த சாத்தனார் அதன் முன்வரலாற்றை எடுத்துரைக்கிறார். இது மூவேந்தர்க்கும் உரிய செய்தி, ஆதலால் அடிகளே பாடவேண்டும் என்கிறார். காப்பியம் மூன்று காண்டமாக, மூன்று நாட்டுக்கும் பொதுவாக அமைந்ததற்கு அந்த வேண்டுகோளும் ஒரு காரணமன்றோ! பாட்டுப் பிறக்குமுன்பே கேட்டவர் ஒருவரின் கை அதிற் படிந்துவிட்டது. கோவலன் மகள் என்ன ஆனாள் என்ற கேள்விக்கு மணிமேகலை என்று இன்னொரு காப்பியமே எழுந்தது.

ஈழத்துக் கேட்போருக்கு அதுவும் போதவில்லை. கண்ணகி மதுரையை எரித்துவிட்டுச் சேரநாட்டு மலையிலே வேங்கை மர நிழலில் நின்று வானுலகு புக்காள் என்று அடிகள் முடித்தார். அவ்வளவு சினத்தோடு புறப்பட்ட ஒரு பெண் எங்கே ஆறினாள் என்று எங்கள் முன்னோர் கேட்டார்கள் போலும். அவள் கடல் கடந்து இலங்கைக்கு வந்தாள். பல இடங்களிலே தங்கினாள். பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை. அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பர். நந்திக்கடற் கரையிலே மாடு மேய்த்த சிறுவரிடம் ஒரு கிழவி வடிவில் வந்து பசி என்றாளாம். பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை விட்டு ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலையைப் பார்க்கச் சொன்னாள். பேன் பார்க்க முடியை விலக்கிய சிறுவர் ஆயிரம் கண்களைக் கண்டு அஞ்சினர். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்பு முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தம் எடுத்து, எங்கள் காட்டா விநாயகர் கோவிலிலே அந்த உப்புநீர் விளக்கை ஏற்றி, பின்பு வற்றாப்பளைக்குக் கொண்டுசெல்கிறோம்.

நாங்கள் ஆடும் கோவலன் கூத்தும் இளங்கோவடிகளின் கதையை அப்படியே வைத்திருக்கவில்லை. அதில் கண்ணகி மாங்கனியிலே பிறந்த பாண்டியன் மகள். பேழையில் அடைத்துக் கடலில் விடப்பட்டவள். புலவர் சிலர் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பர். இளமையிலே நானும் சுளித்ததுண்டு. இன்று வேறுவிதமாக எண்ணுகிறேன். பெற்ற மகளைப் புறந்தள்ளிய நகரம் அவளாலேயே அழிகின்றது என்றால் மதுரை எரிந்ததற்கு இன்னொரு காரணம் கிடைக்கிறதல்லவா? அந்தக் காரணம் கூத்துக் கேட்ட சனங்களுக்குத் தேவைப்பட்டது. அண்ணாவிமார் கொடுத்தார்கள்.

அச்சும் வாரப் பத்திரிகையும் வந்தபின் இந்த உறவு கடிதத்திலே தொடர்ந்தது. முழுப்புத்தகத்தை வாங்குகிறவன் முடிவைக் கையில் வைத்திருக்கிறான். தொடர்கதை படிக்கிறவனுக்கோ ஏழு நாளோ முப்பது நாளோ இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியிலே அவன் தானே கதையை எழுதிவிடுகிறான். எழுதியதை ஆசிரியருக்கும் அனுப்பிவிடுகிறான். தமிழிலே ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேகசிந்தாமணியிலே தொடராக வந்த காலத்திலிருந்து இந்த இடைவெளி நமக்கும் பழக்கம்.

ஆங்கிலத்திலே சார்ள்ஸ் டிக்கென்ஸ் இதன் சுவையையும் வேதனையையும் நன்கறிந்தவர். 1843 இல் தொடங்கிய மார்ட்டின் சஸில்விற் என்ற கதை விற்பனையிலே தளர்ந்தபோது கதாநாயகனைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தார். அதற்கு முன்பு, 1841 இல், சிறுமி நெல்லைச் சாகவிடவேண்டாம் என்று வாசகர் கெஞ்சி எழுதிய கடிதங்கள் குவிந்தும் அவர் இரங்கவில்லை. நெல் இறந்தாள். இவ்விரண்டையும் எல்லாரும் சொல்வர். என் மனத்தில் நிற்பது மூன்றாவது.

டேவிட் கொப்பர்பீல்ட் 1849, 1850 ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் வெளிவந்தது. அதிலே மௌச்சர் என்ற குள்ளமான பெண் ஒருத்தி, தீய குணத்தின் சாயலோடு வருகிறாள். டிக்கென்ஸின் அயலிலே, பாதங்களையும் நகங்களையும் செப்பஞ்செய்து பிழைத்த ஒரு குள்ளமான பெண்மணி அதைப் படித்துவிட்டு, இது நானே, என் உடற்குறையை ஊரார் சிரிக்க வைத்துவிட்டீர்களே என்று அவருக்கு எழுதினார். டிக்கென்ஸ் வருந்தினார். பாத்திரத்தைத் தாம் கருதியபடி கொண்டுபோகாமல், பின்வந்த பகுதியிலே மௌச்சரை நல்ல உள்ளம் படைத்தவளாகத் திருப்பிவிட்டார். ஆயிரம் பேர் கேட்டும் நெல்லைக் காப்பாற்றாதவர், ஒரேயொருத்தி கேட்டு மௌச்சரை மாற்றினார். தலையை எண்ணினால் இது விளங்காது.

நம் கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 ஒக்ரோபரிலே தொடங்கி மூன்றரை ஆண்டுக்கு மேலாக ஓடி 1954 இல் நின்றது. வாசகர் விடவில்லை. அந்தப் பாத்திரம் பிறகு என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். கல்கி கதையைத் திறந்து மீண்டும் எழுதவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதி விடை சொன்னார். அதே ஆண்டு டிசெம்பரிலே அவர் மறைந்தார். தீராத ஆவல் விக்கிரமன் கையிலே நந்திபுரத்து நாயகி ஆயிற்று. என் தகப்பனார் வாராவாரம் கிழித்துத் தைத்துக் கட்டிவைத்த பொன்னியின் செல்வன் பக்கங்கள் 2009 வரை எங்கள் வீட்டில் இருந்தன. பின்பு வீட்டோடு போயின.

இனி இணையத்துக் கதைக்கு வருவோம். அமெரிக்காவிலே அன்ட்ரூ ஹஸி என்பவர் ஹோம்ஸ்டக் என்ற படக்கதையை இணையத்திலே தொடங்கினார். அடுத்து இன்னது செய் என்று வாசகர் கட்டளை அனுப்புவர். அவற்றிலொன்றைத் தெரிந்து அவர் படம் வரைந்து தொடர்வார். பாத்திரங்களுக்குப் பெயரிடுவதும் வாசகர் யோசனையாகவே இருந்தது. வாசகர் தொகை பெருகியதும், கட்டளையை நேராக வாங்கி நடத்துவது இயலாதென்று நிறுத்திவிட்டார். ஆயினும் வாசகர் பேச்சைக் காதில் வாங்கியபடியே 8,000 பக்கங்களுக்கு மேல் எழுதி, 2016 இல் முடித்தார். அது தொடங்கிய நாள் 2009 ஏப்பிரல் 13. அந்த ஏப்பிரலிலே இந்தக் கரையோரத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை இப்பக்கத்து வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உலகின் ஒரு மூலையிலே, கதையிலுள்ள பையன் அடுத்து எந்தப் பெட்டியைத் திறக்கவேண்டும் என்று சனங்கள் உவகையோடு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மீது குறையில்லை. நினைத்தால் மனம் ஒரு மாதிரி இருக்கிறது, அவ்வளவே.

தமிழிலே ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசை நாள்தோறும் இணையத்திலே எழுதினார், 26 நாவல்கள். வாசகர் கடிதங்களும் உடனுக்குடன் வெளிவந்தன. பாரதக் கதையாதலால் எவர் வேண்டினாலும் அபிமன்யு பிழைக்க வழியில்லை. அங்கே வாசகர் கேட்டது விளக்கம், கொடுத்ததும் விளக்கம். அது நம் புராண படனத்துக்கு அணித்தான வழி. ஒருவர் படிக்க, ஒருவர் பயன் சொல்ல, கேட்டிருப்பவர் ஐயம் எழுப்புவர்.

இவ்வளவையும் ஆராய்ந்துகொண்டு நான் மறுநாள் வகுப்புக்குப் போய், "எழுதுங்கள்; பார்ப்போம்" என்றேன்.

கதையின் பெயர் 'அப்பாவின் சைக்கிள்'. துவிச்சக்கரவண்டி என்று வைக்கலாமே என்றேன். அன்றே வாக்கெடுத்தார்கள், எனக்கு என் வாக்கு ஒன்றே கிடைத்தது. இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று. அரிசி வாங்கிவரப் புதுக்குடியிருப்புப் பக்கம் போன தகப்பன் திரும்பவில்லை. மூன்றாம் நாட் காலையிலே அவருடைய சைக்கிள் வேலியிலே சாத்திக் கிடக்கிறது. கொண்டுவந்து விட்டவர் யார்? மகன் தேடுகிறான். துப்பறியும் கதைபோலத்தான் தொடங்கினார்கள்.

முதல் வாரங்களிலே வந்த கருத்துகள் இலேசானவை. பையனுக்கு ஒரு நாய் வேண்டும் என்று சிறுவர் பலர் கேட்டனர், நாய் வந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒருவர், பழைய பஸ் எந்தச் சந்தியிலே திரும்பும் என்று திருத்தி எழுதினார். நாற்பது ஆண்டுக்கு முன் போனவர், சந்தியை மறக்கவில்லை. ஆடி மாதத்திலே குளம் வான் பாய்வதாக மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார்கள். தண்ணீரூற்றைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் றோட்டிலே என்னை மறித்து, "என்ன வாத்தியார், ஆடியிலை குளம் வான் பாயுமோ? மார்கழியெண்டு எழுதச் சொல்லுங்கோ" என்றார். வெட்கத்தோடு திருத்தினோம். காஞ்சிச் சபையிலே எழுந்து நின்றவரின் பரம்பரை இவர்.

ஒன்பதாம் அத்தியாயத்து முடிவிலே பிள்ளைகள் ஒரு கேள்வி வைத்தார்கள்: "அப்பா திரும்பி வருவாரா?" கதையைச் சூடாக்க வைத்த கேள்வி. அதன் கனம் அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அந்த ஐவரில் இருவர் வீட்டில் அந்தக் கேள்வி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். முல்லைத்தீவிலே 2017 மார்ச் 8 ஆம் நாள் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டத்திலே, வெயிலென்றும் மழையென்றும் பாராது இருந்தவர். திண்ணையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "ஐயா, உங்கடை பிள்ளையள் எழுதுற கதையிலை அந்த மனிசன் வரவேணும். எங்கடையாள்தான் வரேல்லை. கதையிலையெண்டாலும் ஒராள் வரட்டுமன்" என்றார். தேநீரும் குடியாமற் போய்விட்டார்.

அன்று மாலையே மாணவியின் கைத்தொலைபேசிக்கு இன்னொரு பெண்ணின் குரற்பதிவு வந்தது. "தயவுசெய்து அந்தப் பிள்ளையின்ரை தேப்பனைக் கூட்டிக்கொண்டு வந்திடாதேங்கோ. என்ரை மகள் ஒவ்வொரு வெள்ளியும் வாசிக்கிறாள். அங்கை வந்தால், இங்கை ஏன் வரேல்லையெண்டு கேட்பாள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தபோது வரவேண்டும் என்ற பக்கமே மிகப் பெரிது. விதிப்படி தகப்பன் வெள்ளிக்கிழமை வந்து படலையைத் திறக்கவேண்டும். மாணவி தாளை என் மேசையிலே வைத்துவிட்டு நின்றாள். "எண்ணிக்கையை விடு" என்றேன். "அப்ப ஆற்றை சொல்லைக் கேக்கிறது, ஐயா?" என்றாள்.

முப்பது ஆண்டு படிப்பித்த எனக்கு உடனே விடை வரவில்லை. டிக்கென்ஸுக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கல்கி முடிவுரை எழுதிய விதத்தைச் சொன்னேன். ஆடியை மார்கழியாகத் திருத்தச் சொன்னவருக்கு நாம் கீழ்ப்படியவேண்டும். அவர் உண்மையைச் சொன்னார். நாய் கேட்ட சிறுவருக்கு நாய் கொடுக்கலாம், கொடாமலும் விடலாம், அது விருப்பம். இந்த இரண்டு தாய்மாரும் கேட்டது உண்மையுமன்று, விருப்பமுமன்று. வாக்கெடுப்பு இந்த மூன்றையும் ஒரே பெட்டியிலே போட்டு எண்ணுகின்றது. இணையத்துக் கதைகளின் குறை எங்கே என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். இரு தாய்மாருக்கும் வேண்டியது எதிர்எதிரானதாயினும் இருவருக்கும் நோவு ஒன்று. அந்த நோவுக்கு ஏதும் எழுதமுடியுமா என்று பார் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதை எப்படி எழுதுவதென்று கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

இரண்டு வெள்ளி கதை வரவில்லை. வாசகர் பலர் சினந்தார்கள். இலண்டனிலிருந்து ஒருவர், தமிழர் எதையும் தொடர்ந்து செய்யமாட்டார்கள் என்று ஒரு பிரசங்கமே அனுப்பினார்.

மூன்றாம் வெள்ளி பத்தாம் அத்தியாயம் வந்தது. தகப்பன் வரவில்லை, வரமாட்டார் என்றும் அதில் இல்லை. ஞாயிறுதோறும் தாய் அந்தச் சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுவருகிறாள். பழந்துணியால் துடைக்கிறாள். சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறாள். இரண்டு சில்லுக்கும் காற்றடித்து மீண்டும் தாழ்வாரத்திலே சாத்துகிறாள். "ஆரம்மா ஓடப்போறது?" என்று மகன் கேட்கிறான். தாய் பம்பைச் சுற்றி வைக்கிறாள். அத்தியாயம் அவ்வளவுதான். அடியிலே கேள்வி எதுவும் இல்லை. வாக்கும் கேட்கவில்லை.

இலக்கணப்பிழை மூன்று இருந்தது. திருத்தவில்லை.

என் வீட்டுக்கு வந்த தாய்க்கு அதைப் பேத்தி படித்துக் காட்டினாளாம். இரண்டாந்தரமும் படிக்கச் சொன்னாராம். எனக்கு ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. குரற்பதிவு அனுப்பியவரிடமிருந்தும் மறுமொழி இல்லை. ஆனால் அவருடைய மகள் தொடர்ந்து வாசிக்கிறாள் என்று அறிகிறேன். இலண்டன் அன்பர், கதை நகரவில்லை என்று குறைப்பட்டார். அவருடைய கருத்தையும் பதிந்துகொண்டோம்.

சென்ற திங்கட்கிழமை சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவர் பிள்ளைகளைக் கடை வாசலிலே கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். "பிள்ளையள், ஓடாமற் கிடந்த ரயருக்குக் காத்து மட்டும் அடிச்சால் நிக்காது. ரியூப் ஒட்டிப்போயிருக்கும். வால்கட்டையும் மாத்தவேணும். எத்தனை வருசமாக் கிடக்குதெண்டு சொல்லுங்கோ, என்னென்ன சாமான் வேணுமெண்டு நான் சொல்லுறன்" என்றாராம். கதையிலே ஆண்டுக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. மாணவி முதல் அத்தியாயத்திலிருந்து மீண்டும் படித்துக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குச் சொல்லவேண்டும்.